பாராமவுண்டா, பிஎக்ஸ்-10ஆ? மரைதான் முடிவு சொல்லும்

1970களின் தொடக்கத்து ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து ஓட்டலாம் என்று தேடியபோது, கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று சிகாகோவில் செய்த ஷ்வின் பாராமவுண்ட் பி-13. இன்னொன்று பிரான்ஸின் பெஜோ பிஎக்ஸ்-10. நான் பாராமவுண்டை எடுத்தேன்.

எடை, வேகம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டுமே ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாய், இரண்டுமே ஏறத்தாழ 10 கிலோ. குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் நெர்வெக்ஸ் லக்கின் (இணைப்பு உறையின்) கொடிபோன்ற வளைவுகள்கூட இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பாராமவுண்டில் வேலை சுத்தம். அதே ஷ்வின் ஆலையில் வார்சிட்டி சைக்கிளின் கனத்த சட்டங்கள் இயந்திரத்தில் வரிசையாக வெல்டாகி வந்த காலத்தில், 1938-ல் தொடங்கிய பாராமவுண்டை மட்டும் ஒரு சிறு குழு கையால் பற்றவைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கவனம் லக்கின் ஓரங்களில் இன்றும் தெரிகிறது.

சரி, பராமரிப்புக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது மரைதான், அதாவது பாகங்களைத் திருகிப் பொருத்தும் புரி. பாராமவுண்டின் பி.பி. கப்பில் (மிதிகளின் அச்சைத் தாங்க, சட்டத்தின் அடியில் இருபுறமும் திருகும் கிண்ணம்) இருப்பது ஆங்கில மரை: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. அந்த கப் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. பிஎக்ஸ்-10-ல் பிரெஞ்சு மரை: 35 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி. 1.37 அங்குலம் என்பது 34.8 மி.மீ. என்பதால், ஆங்கில கப் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு சுற்று ஏறுவதுபோல் ஏறும். அழுத்தித் திருகினால் சட்டத்தின் மரையே போய்விடும்.

அதைவிட முக்கியம், திருகும் திசை. வலப்பக்க கப்பை மிதியின் விசை கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றப் பார்க்கும். ஆங்கில முறையில் அந்தப் பக்கம் இடமரை (இடப்பக்கம் திருப்பினால் இறுகுவது) இருப்பதால் கப் இறுகியே இருக்கும். பிரெஞ்சு முறையில் இரண்டு பக்கமும் வலமரை. அதனால் வலப்பக்க கப்பை நன்றாக முறுக்கி வைக்க வேண்டும், அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

அப்புறம் பிஎக்ஸ்-10-ன் ஸ்ட்ராங்லைட் 93 கிராங்க், அதாவது மிதியைத் தாங்கும் கை. அதைக் கழற்றும் கருவிக்கு 23.35 மி.மீ. மரை. வழக்கமான 22 மி.மீ. கருவியைப் போட்டால் கிராங்க் பாழ். அதன் கியர் மாற்றும் சிம்ப்ளெக்ஸ் டீரெய்லரின் பிளாஸ்டிக் உடல் வயதாகி விரிசல் விடும். பாராமவுண்டின் கம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்டு டீரெய்லர் முழுக்க உலோகம், உதிரி தேடுவதும் எளிது.

பிஎக்ஸ்-10 மோசம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைப் பெயின்ட்டும் கறுப்பு லக் கோடும் கண்ணைப் பறிக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. நீண்ட மலை இறக்கங்களில் அதை நான் ஓட்டியதில்லை, ஆகவே அந்த ஒப்பீட்டுக்குப் போகவில்லை. கிராங்க், பி.பி. கப், சீட் போஸ்ட் எல்லாம் அசலாக, ஆட்டமில்லாமல் இருக்கும் பிஎக்ஸ்-10 கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ஏதாவது ஒன்று குறைந்தாலும் பாராமவுண்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே மேல்.