சேலத்துத் தெருக்களில் ஒரு நானோ: நெடுநாள் ஓட்டிய அனுபவம்

டாடா நானோவைப் பற்றி ஓட்டிப் பார்க்காதவர்கள்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள். நான் பல வருடமாக ஓட்டுகிறேன். ஊருக்குள் ஓட்ட இதைவிட வசதியான சின்னக் காரை நான் பார்க்கவில்லை. ஊரைத் தாண்டிவிட்டால் கதை வேறு.

என்னுடையது 2014 மாடல் நானோ ட்விஸ்ட். 2018இல் செகண்ட் ஹேண்டாக எடுத்தேன். நானோ கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்த வருடம் அது. அந்த ஜூன் மாதம் முழுக்க ஒரே ஒரு நானோதான் ஆலையில் தயாரானது என்று பேப்பரில் வந்திருந்தது. "நின்னு போற வண்டியை யாராவது வாங்குவாங்களாப்பா?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். நான் பார்த்தது விலையை. புது ஸ்கூட்டர் ஒன்றின் ஆன்ரோடு விலைக்கு மேல் கொஞ்சம் போட்டால் ஏசி, பவர் ஸ்டீயரிங், நாலு கதவு எல்லாம் கிடைக்கிறது. வீட்டில் ஸ்கூட்டரில் ஏற முடியாத ஒருவர் இருந்தார். அது அம்மா.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தம்பியின் செடான் காரில் ஏறுவது அவருக்குத் தண்டனை மாதிரி. குனிந்து, பள்ளத்தில் இறங்குவதுபோல் உட்கார வேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். நானோவின் உயரம் 1652 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் சொச்சம் நீளமுள்ள வண்டிக்கு இது அசாத்திய உயரம். சீட் இடுப்பு மட்டத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து, திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டால் முடிந்தது. சர்க்கரை டெஸ்ட், கண் டாக்டர், கோட்டை மாரியம்மன் கோயில் என்று அம்மா போகிற இடத்துக்கெல்லாம் இதுதான் போகிறது. செடான் வாசலில் நின்றாலும் "சின்னதை எடுடா" என்பார்.

உள்ளே இடம் இருப்பதும் ஆச்சரியமில்லை. சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளி, இன்ஜினைப் பின்னால் வைத்துவிட்டார்கள். முன்னால் இன்ஜின் தின்ன வேண்டிய இடம் கால் நீட்டக் கிடைக்கிறது. ஆறடிக்காரர் முன்னால் உட்கார்ந்து, அவருக்குப் பின்னால் இன்னொரு ஆறடிக்காரர் உட்காரலாம். தோளோடு தோள் உரசும், அது வேறு விஷயம்.

அப்புறம் திருப்பம். நாலு மீட்டர் டர்னிங் ரேடியஸ் என்று பேப்பரில் படித்தால் ஒன்றும் தோன்றாது. செவ்வாய்ப்பேட்டைக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மூட்டை இறக்கும் லாரி, மறுபக்கம் மாட்டு வண்டிக் காலத்தில் போட்ட சந்து, நடுவில் டிவிஎஸ் எக்ஸ்எல். மற்ற கார்க்காரர்கள் ரிவர்ஸ், ஃபர்ஸ்ட், ரிவர்ஸ் என்று மல்லுக்கட்டும் இடத்தில் இது ஒரே மூச்சில் திரும்பிவிடும். ட்விஸ்ட் மாடலில்தான் பவர் ஸ்டீயரிங் வந்தது. அதற்கு முந்தைய நானோக்களில் கிடையாது. நண்பர் ஒருவரின் 2010 மாடலை ஓட்டிப் பார்த்தபோது, நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வலித்தது. ஆக, பழைய நானோ தேடுபவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள்.

பார்க்கிங் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பைக் எடுத்தால் கிடைக்கிற இடம் இதற்குப் போதும்.

வேடிக்கை எல்லாம் பெட்ரோல் பங்கில்தான். பெட்ரோல் மூடி இருப்பது முன் பானட்டுக்குள். வண்டியை நிறுத்தியதும் பையன் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "டேங்க் மூடி எங்கங்ணா இருக்குது?" என்பான். பானட்டைத் திறந்து காட்டினால், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் மூடி இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்ப இன்ஜின் எங்கங்ணா?" என்று அடுத்த கேள்வி. பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிப்பார். டேங்க் கொள்ளளவு 15 லிட்டர்தான், அதனால் இந்த நாடகம் அடிக்கடி நடக்கும்.

இன்ஜின் பின் சீட்டுக்குப் பின்னால், சாமான் வைக்கும் தட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டை மடக்கி, தட்டின் மூடியைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். இரண்டு சிலிண்டர், 624 சிசி, 38 குதிரைத் திறன். ஸ்டார்ட் செய்தால் ஆட்டோ சத்தத்துக்கும் கார் சத்தத்துக்கும் நடுவில் ஒரு சத்தம். அந்தத் தட்டின் மேல் மல்லிகைப் பூவை வைத்தால் வீடு வருவதற்குள் வெந்துவிடும். மாவு வைத்தால் சீக்கிரம் புளிக்கும் (குளிர்காலத்தில் இது ஒரு வசதி என்று மனைவி சொல்வதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை). பூவும் மாவும் எங்கள் வீட்டில் இப்போது முன் சீட்டுக் காலடியில்தான் வரும்.

டிக்கி திறக்காது. பின் கதவு மாதிரி ஒன்று தெரிகிறதே தவிர, அது திறக்கும் கதவில்லை. செலவைக் குறைக்கவும் உடலை உறுதியாக வைக்கவும் அப்படிச் செய்தார்கள். 25 கிலோ அரிசி மூட்டையைப் பின் சீட்டின் பக்கக் கதவு வழியாக உள்ளே விட்டு, சீட் மேல் உருட்டித்தான் வைக்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. முதுகு வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான். 2015இல் வந்த ஜென்எக்ஸ் நானோவில் டிக்கியைத் திறக்கும்படி மாற்றினார்கள், டேங்கையும் 24 லிட்டர் ஆக்கினார்கள். மக்கள் முதல் நாளிலிருந்து கேட்டது ஆறு வருடம் கழித்துக் கிடைத்தது.

ஏற்காடு போகலாமா என்று நிறைய பேர் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். அடிவாரத்தில் ஏசியை அணைத்துவிடுங்கள், ஜன்னலை இறக்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரிலும் முதல் கியரிலும் மாறி மாறி ஏறிவிடும். எடை பின்னால், இழுக்கும் சக்கரமும் பின்னால் என்பதால் ஏற்றத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். வளைவில் சின்ன வட்டம் போட்டுத் திரும்புவது தனி சுகம். நாலு பேர் இருந்தால் வேகம் குறையும், முன்னால் போகும் பஸ்ஸை முந்தும் ஆசையை விட்டுவிட வேண்டும். இறங்கும்போதுதான் கவனம் தேவை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். காலை வைத்தபடியே இறங்கினால் சூடாகிப் பிடிப்பு குறையும். ஏறிய கியரிலேயே இறங்கினால் போதும், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் தொப்பூர் கணவாய் வேறு. பெங்களூரில் இருந்து வரும்போது தருமபுரியைத் தாண்டியதும் நீண்ட இறக்கம். நியூட்ரலில் விட்ட லாரிகள், பிரேக் பிடிக்காத லாரிகள் என்று அந்த இடத்தின் பெயரே விபத்துச் செய்தியோடு ஒட்டிக்கொண்டது. அங்கே கண்ணாடியில் ஒரு டாரஸ் லாரி பெரிதாகிக்கொண்டே வரும்போது, அறுநூற்றுச் சொச்சம் கிலோ எடையுள்ள வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது முதுகுத் தண்டில் தெரியும். பெரிய பஸ் கடந்து போனால் அதன் காற்றே வண்டியை ஒரு தள்ளு தள்ளும். உயரமான உடல், மெல்லிய டயர், முன்னால் எடை இல்லை, வேறு எப்படி இருக்கும்? அதிகபட்ச வேகம் 105 கிலோமீட்டர் என்கிறார்கள். நான் எழுபதைத் தாண்டுவதில்லை. ஐந்தாவது கியர் கிடையாது, நாலுதான். எண்பதில் இன்ஜின் கத்துவது பேச்சை மறைக்கும்.

பாதுகாப்பு விஷயத்தைப் பூசி மெழுக நான் தயாரில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை மோதிச் சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் நானோவுக்குப் பூஜ்ய நட்சத்திரம். ஏர்பேக் இல்லாத மற்ற நாலுக்கும் பூஜ்யம்தான் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் எலும்புக்கு அந்தச் சமாதானம் தெரியாது. நானோவில் ஏர்பேக்கும் கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: ஊருக்குள் நானோ, வெளியூருக்குத் தம்பி கார் அல்லது ரயில். சென்னைக்கு இதில் போனதும் உண்டு. 340 கிலோமீட்டர், நடுவில் உளுந்தூர்பேட்டையில் பெட்ரோல் போட்டே ஆக வேண்டும். போய்ச் சேர்ந்தேன். மறுபடி போகும் எண்ணம் இல்லை.

செலவுக் கணக்கு இதன் பலம். ஊருக்குள் ஏசியோடு லிட்டருக்குப் பதினாறு, பதினேழு கிடைக்கிறது. நிதானமாக வெளியே ஓட்டினால் இருபதைத் தாண்டும். ஏட்டளவில் 25.4 என்று சொன்ன மைலேஜை நான் கண்ணால் கண்டதில்லை, எந்தக் காரிலும் அப்படித்தான். ஆயிரம் சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் 2022இல் நிர்ணயித்தபடி வருடத்துக்கு 2,094 ரூபாய், வரி தனி. டயர் சின்னது, விலையும் குறைவு. ஆனால் முன் டயர் 135, பின் டயர் 155 அகலம். இரண்டும் வேறு வேறு அளவு என்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட முடியாது. இது தெரியாமலோ தெரிந்தோ, ஒரு சர்வீஸ் சென்டரில் பில்லில் "டயர் ரொட்டேஷன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எந்த டயரை எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் பில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், குறைந்த தொகையோடு புது பில் வந்தது. விளக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு டாடா ஏஸ் வண்டிகள் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம்தான் கொடுக்கிறேன். இரண்டு சிலிண்டர் வண்டியைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. ஆயில், ஃபில்டர், பிரேக் ஷூ போன்ற தேய்மானப் பொருட்கள் கிடைக்கின்றன. பம்பர், விளக்கு, உள் பிளாஸ்டிக் என்றால் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். கோவைப் பக்கம் போகிறவர்களிடம் உக்கடத்தில் விசாரிக்கச் சொல்வேன். சென்னை என்றால் புதுப்பேட்டை. பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதைப் புது மெக்கானிக்குக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், அரை மணி நேரம் மிச்சம்.

ஏளனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டப வாசலில் செக்யூரிட்டி நம்மைப் பார்த்ததும் பைக் நிறுத்துமிடத்துக்குக் கை காட்டுவார். "ஒரு லட்ச ரூபா காரா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ட்விஸ்ட் வெளிவந்தபோது விலை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அந்த ஒரு லட்சம் அதை விடவில்லை. மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். 2008இல் டெல்லி கண்காட்சியில் காட்டினார்கள், ஆலை வரவிருந்த மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் போராட்டம், ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போனது, சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி வேறு. இத்தனையையும் தாண்டியிருக்கலாம். ஸ்கூட்டர் குடும்பம் காருக்கு மாறுவது பெட்ரோலுக்காக மட்டும் இல்லையே, தெருவில் நாலு பேர் பார்க்கவும்தான். அவர்களிடம் போய் "உலகத்திலேயே மலிவான கார்" என்று விற்றால் யார் வாங்குவார்கள்? கார் வைத்திருப்பவர் வீட்டுக்கு இரண்டாவது ஊர் வண்டி என்று விற்றிருந்தால் இன்னும் ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் இதே உடலில் மின்மோட்டார் வைத்து 'நியோ' என்று செய்தபோது, இந்த வண்டிக்கு இதுதான் சரியான வேலை என்று தோன்றியது. அதுவும் பெரிதாக வரவில்லை.

இப்போது பழைய நானோ வாங்க நினைப்பவர்களுக்கு: 2009, 2010 மாடல்கள் பதினைந்து வருடத்தைத் தாண்டிவிட்டன. ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி, எஃப்.சி. அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலிவு விலை மலிவாக இருக்காது. பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா பாருங்கள். பின் தட்டின் மூடியைக் கழற்றச் சொல்லி இன்ஜினைக் கண்ணால் பாருங்கள். விற்பவர் "அதெல்லாம் எதுக்குங்க" என்றால் கிளம்பிவிடுங்கள். ஜென்எக்ஸ் கிடைத்தால் அதையே எடுங்கள், கியர் மாற்றும் தொல்லை வேண்டாம் என்றால் அதில் ஏஎம்டியும் உண்டு. தினமும் நாமக்கல்லுக்கோ தருமபுரிக்கோ பைபாஸில் போய் வருகிற வேலை என்றால் எந்த நானோவும் வேண்டாம், கொஞ்சம் பணம் சேர்த்து ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டியாகப் பாருங்கள்.