தலைதட்டி அளக்க: எட்டு உருப்படி எவர்சில்வர் கப், ஸ்பூன் செட்

1, 1/2, 1/3, 1/4 கப் என நான்கு. 1 டேபிள்ஸ்பூன், 1, 1/2, 1/4 டீஸ்பூன் என நான்கு. பாத்திரக் கடைகளில் பல பெயர்களில் தொங்கும் இந்த எவர்சில்வர் செட், கேக் சுடும் வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது.

இதை வீட்டுக்குள் பழக்கப்படுத்தியது வகுப்பறை. "முட்டை அளவு வெண்ணெய்" என்று அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைமை ஆசிரியை ஃபேனி ஃபார்மர், 1896-இல் வெளியிட்ட தன் பாடநூலில் கப்பும் ஸ்பூனும் தலைதட்டியே அளக்கப்பட வேண்டும் என்று விதித்தார். அரை பைன்ட் (சுமார் 237 மி.லி.) கொள்ளும் தகரக் கப், ஒரே அளவான ஸ்பூன்கள், ஒரு கத்தி: அவர் கேட்ட கருவிகள் இவ்வளவுதான். அதே பாஸ்டனில் வேதியியலாளர் எலன் ரிச்சர்ட்ஸ் 1890-இல் நடத்திய பொதுச் சமையலறையும் இதே பிடிவாதம் கொண்டது: இன்று விற்ற சூப்பும் நாளை விற்கும் சூப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 1899 முதல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் அவர் தலைமையில் நடந்த மாநாடுகளில்தான் மனையியல் ஒரு கல்வித் துறையாக உருப்பெற்றது. தொழிற்கல்விக்கான 1917-இன் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் அந்தப் பாடத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்தது. யார் செய்தாலும் ஒரே பலன் வர வேண்டும் என்பதே அந்த வகுப்புகளின் உயிர்நாடி. இந்த செட்டையும் அந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

முதலில் விளிம்பு. அது நேராகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மூக்கு வைத்த கப்பைத் தலைதட்ட முடியாது. கைப்பிடி விளிம்பைவிட உயர்ந்திருந்தால் கத்தி இடிக்கும். கைப்பிடி கனமாக இருந்தால் கீழே வைத்ததும் கப் சாயும். அளவு உலோகத்திலேயே பொறித்திருக்கட்டும், மையில் அச்சடித்தது தேய்ந்துபோகும்.

அடுத்து கொள்ளளவு. பல செட்களில் பெரிய குறை இங்கேதான்: 1 கப் 250 மி.லி., ஆனால் 1/3 கப் 80, 1/4 கப் 60. மூன்று 80-ஐயோ நான்கு 60-ஐயோ ஊற்றினால் 240தான் வரும், ஒரு கப் நிறையாது. டிஜிட்டல் தராசில் கப்பை வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 1 கிராம் என்றால் 1 மி.லி. பெரிய கப் 236 முதல் 240 வரை காட்டினால் அமெரிக்கக் குறிப்புகளுக்குப் பொருந்தும். சிறிய ஸ்பூனை ஒரே தடவையில் நிறுத்தால் ஏமாந்துபோவீர்கள். தண்ணீர் விளிம்புக்கு மேல் புடைத்து நிற்கும், வீட்டுத் தராசுக்கு அவ்வளவு நுணுக்கமும் போதாது. 1/4 டீஸ்பூனால் 20 தடவை ஊற்றிப் பாருங்கள், 25 கிராம் வர வேண்டும்.

செட் சரியாக இருந்தும் கேக் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கை. மைதாவைச் சலித்து, ஸ்பூனால் கப்பில் போட்டு, குலுக்காமல், தட்டாமல், கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். அப்படி அளந்தால் ஒரு கப் சுமார் 120–125 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 150 வரை போகும். இரண்டு கப் மைதா போடும் கேக்கில் 50 கிராமுக்கு மேல் கூடுதல் மாவு சேர்ந்தால் மேற்புறம் வெடித்து, உள்ளே வறண்டுவிடும். வெண்ணெய்க்கு நேர்மாறு: காற்று இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்பிய பிறகே வழிக்க வேண்டும். பேக்கிங் பவுடரைக் கோபுரமாக அள்ளினால் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகலாம். கேக் வேகமாக எழும்பி நடுவில் அமுங்கும், நாக்கில் கசக்கும்.

பால், எண்ணெய்க்கு இந்த செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளிம்பு வரை நிரப்பித் தூக்கினாலே சிந்தும். கோடு போட்ட கண்ணாடி ஜக் தனியாக இருக்கட்டும்.

ரைஸ் குக்கருடன் வரும் கப்பை இதோடு கலந்துவிடாதீர்கள், அது பொதுவாக 180 மி.லி. ஆஸ்திரேலியக் குறிப்பைப் பின்பற்றினால் அங்கே டேபிள்ஸ்பூன் 20 மி.லி.; இந்த செட்டின் 15 மி.லி. ஸ்பூனோடு ஒரு டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளுங்கள்.