இளைஞர் வேலைவாய்ப்புக்கான ஐரோப்பியக் கல்விப் பயணங்கள்: எதைப் பார்த்துச் சேரலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம், இளைஞர்களோடு வேலை செய்யும் பணியாளர்களுக்குத் தரும் வாய்ப்புகளில், வேலைவாய்ப்பை மையமாக வைத்த கல்விப் பயணங்களை, அதாவது வேறு நாட்டுச் சேவை மையங்களை நேரில் பார்த்துக் கற்கும் பயணங்களைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் நிகழ்ச்சி நிரலைப் படிக்காமல் பெயர் கொடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கு அலுவலகம் என்று போட்டிருந்தால், பாதி நாள் பேருந்திலும் மீதி பவர்பாயிண்ட் முன்னாலும் போய்விடும். நாளுக்கு இரண்டு இடம், இடத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் அந்த நேரமும் பாதியாகக் குறையும்.

சேர இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் தேசிய முகமைகள் நடத்தும் பயணங்கள், சால்டோ யூத் என்ற இணையதளத்தின் ஐரோப்பியப் பயிற்சி நாட்காட்டியில் வரும். தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால், உங்கள் அமைப்பே வெளிநாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்து நிதி கேட்கலாம். பயண நாட்களைச் சேர்க்காமல் 2 முதல் 60 நாள் வரை நடத்தலாம். பணியாளர்களுக்கு வயது வரம்பு கிடையாது. முதல் வழியில் அலைச்சல் குறைவு, இரண்டாவதில் நிரல் உங்கள் கையில். பங்கேற்புக் கட்டணமும் பயணச் செலவு விதியும் நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலும் முதலில் கைக்காசு போட்டுத்தான் பிறகு வாங்க வேண்டியிருக்கும். அதனால் தேர்வான தகவல் வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். போர்டிங் பாஸ் முதற்கொண்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே போகலாம் என்றால், எங்கள் முதல் தேர்வு பின்லாந்தின் ஓஹ்யாமோ என்ற இளைஞர் வழிகாட்டல் மையங்கள். முப்பது வயதுக்கு உட்பட்ட யாரும் முன்பதிவு இல்லாமல் உள்ளே போய் வேலை, படிப்பு, வீடு, பணம் என எதைப் பற்றியும் பேசலாம். அடுத்து ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே 2012 முதல் வேலைவாய்ப்பு முகமை, வேலையற்றோர் உதவித்தொகையைக் கவனிக்கும் ஜாப் சென்டர், பள்ளித்துறை, மாவட்ட நிர்வாகம் நான்கும் 25 வயதுக்கு உட்பட்டோருக்காக ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன.

இந்த இடங்களில் இயக்குநர் உரையைவிட வரவேற்பு மேசைதான் முக்கியம். ஓர் இளைஞர் கதவைத் திறந்ததும் யார் எழுந்து வருகிறார், முதலில் என்ன கேட்கிறார், எந்தப் படிவத்தை நீட்டுகிறார் என்று படிப்படியாகக் காட்டச் சொல்லுங்கள். அலுவலகங்கள் தகவலைப் பகிர்ந்துகொள்ள இளைஞர் எங்கே கையெழுத்துப் போடுகிறார் என்று கேளுங்கள். கூட்டுச் சேவைகள் பல இடங்களில் சிக்கிக்கொள்வது இந்த ஒப்புதலில்தான். இரண்டாம் சந்திப்புக்கு வராத இளைஞரை யார், எத்தனை நாளில் கூப்பிடுகிறார் என்பதையும் கேட்காமல் விடாதீர்கள்.

இன்னொரு கேள்வி, எண்களைப் பற்றியது. 2013-இல் வந்து 2020-இல் வலுப்படுத்தப்பட்ட ஐரோப்பிய இளைஞர் உத்தரவாதம், முப்பதுக்கு உட்பட்டோருக்கு நான்கு மாதத்துக்குள் வேலை, மேற்படிப்பு, தொழிற்பயிற்சி என ஏதாவது ஒரு வாய்ப்பு தரச் சொல்கிறது. ஆனால் சேவை தொடங்குவது பதிவு செய்த பிறகுதான். பதிவே செய்யாமல் வீட்டில் முடங்கியிருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். வெற்றி விகிதம் காட்டப்படும்போது, இவர்களைத் தேடிப் போவது யார் என்று கேளுங்கள். பின்லாந்தில் இதற்கென்றே தேடிச் செல்லும் இளைஞர் பணி சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பணியாளர்களோடு அரை நாள் கிடைத்தால் மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஊருக்கு எடுத்துவர முடியாது. நிறுவனத்திலும் பள்ளியிலும் சேர்ந்தே கற்கும் ஜெர்மனியின் இரட்டைத் தொழிற்பயிற்சிக்குப் பின்னால் நிறுவன ஒப்பந்தம், தொழிற்பள்ளி, தொழில் வணிகச் சபைத் தேர்வு என்று ஒரு முழு அமைப்பே நிற்கிறது. படிவமும் வரவேற்பு முறையும் பின்தொடர் அழைப்பும் மட்டும் சுலபமாக இடம் மாறும். அவற்றை மறுவாரமே செய்துபார்க்கக் கூடியவர் நேரடியாக இளைஞர்களோடு வேலை செய்பவர். எனவே மேலாளரை மட்டும் அனுப்பாதீர்கள், இருவராக அனுப்புங்கள்.

பயணத்தின் முடிவில் கிடைக்கும் யூத்பாஸ் என்ற பங்கேற்புச் சான்றிதழில் கற்றதை நீங்களே எழுத வேண்டும். கடைசி நாள் மாலை அவசரமாக நிரப்பாமல், ஒவ்வொரு இடத்தையும் பார்த்து முடித்ததும் இருபது நிமிடம் ஒதுக்கும்படி ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.