மின்னூல்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, ஸ்கேன் செய்வதா? நூலகங்களுக்கு முன்னுள்ள வழிகள் குறித்து ஓர் ஒப்பீடு

அச்சுப் புத்தகம் ஒன்றை விலைகொடுத்து வாங்கிய நூலகம், அதைத் தன் உறுப்பினர்களுக்கு இரவல் கொடுப்பதற்குப் பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே புத்தகத்தை மின்னூலாக இரவல் கொடுக்க விரும்பினால், பதிப்பாளர் வகுத்த உரிம நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மீண்டும் பணம் செலுத்தவும் வேண்டும். இந்த வேறுபாட்டைச் சமாளிக்க நூலகங்கள் பல வழிகளை முயன்றிருக்கின்றன: பதிப்பாளரிடம் உரிமம் பெறுவது, கையிலுள்ள அச்சு நூலைத் தாமே ஸ்கேன் செய்து இரவல் கொடுப்பது, படைப்பாளிகளின் கூட்டமைப்போடு நாடு தழுவிய ஒப்பந்தம் செய்துகொள்வது, பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை மட்டும் மின்வடிவில் தருவது. இவற்றை ஒப்பிடுவோர் வழக்கமாக ஓர் இரவலுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு தேவையானதே. ஆயினும், பத்து ஆண்டுகள் கழித்து அந்த நூல் அந்த நூலகத்தில் இருக்குமா, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது என்று நான் கருதுவதால், இந்த ஒப்பீட்டை அக்கேள்வியை வைத்தே செய்கிறேன்.

அச்சு நூலுக்குக் கிடைக்கும் சுதந்திரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைவாக இந்நூலை விற்பது பதிப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. ஒரு பேரங்காடி அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, ஒரு பிரதியை விற்றதோடு அந்தப் பிரதியின் மீதான பதிப்பாளரின் பிடி முடிந்துவிடுகிறது என்று 1908இல் தீர்ப்பாயிற்று. முதல் விற்பனைக் கோட்பாடு என்று அழைக்கப்படும் இதன்மீதுதான் அந்நாட்டு நூலக இரவல் நிற்கிறது. ஐரோப்பா வேறு பாதையில் சென்றது. அங்கே இரவல் கொடுப்பதும் படைப்பாளியின் உரிமையாகவே கருதப்படுகிறது. ஆனால் நூலகங்களுக்கு அரசு விலக்கு அளித்து, ஈடாகப் படைப்பாளிகளுக்கு ஒரு தொகை வழங்கலாம். டென்மார்க் 1946இலேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் 1979இல் சட்டம் இயற்றியது. இரண்டு ஏற்பாடுகளிலும் எந்த நூலை வாங்குவது, எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது கழிப்பது என்பவற்றை நூலகமே முடிவு செய்கிறது.

மின்னூலுக்கு இந்தச் சுதந்திரம் தானாக வந்து சேரவில்லை. ஒரு கோப்பை இணையத்தின் வழியே இன்னொருவருக்கு அனுப்பும்போது தொழில்நுட்ப அளவில் புதிய பிரதி ஒன்று உருவாகிறது. முதல் விற்பனைக் கோட்பாடு ஏற்கெனவே இருக்கும் பிரதியைக் கைமாற்றுவதற்கே பொருந்தும், புதிய பிரதி எடுப்பதற்குப் பொருந்தாது. பயன்படுத்திய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் இவ்வாறே தீர்ப்பளித்தது. பயன்படுத்திய மின்னூல்களின் மறுவிற்பனை தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019இல் பதிப்புரிமை வைத்திருப்போர் பக்கமே நின்றது.

ஆகவே பெரும்பாலான நூலகங்கள் உரிமம் பெறும் வழிக்கே செல்கின்றன. இந்த ஒரு வழிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று மாறான திட்டங்கள் உள்ளன. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல், ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்தபின் உரிமம் முடிந்துவிடும் என்று அறிவித்தது. ஒவ்வொரு இரவலும் இரண்டு வாரம் என்று கொண்டால் இது ஓராண்டுக் கணக்கு. நல்ல கட்டமைப்புள்ள அச்சு நூல் அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்று நூலகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் 2018இல், காலவரையற்ற உரிமத்தைக் கைவிட்டு இரண்டாண்டு உரிமத்துக்கு மாறியது. மூன்றாவது வகையில் முன்பணம் எதுவும் இல்லை. ஒவ்வோர் இரவலுக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டும்.

எது லாபம் என்பது நூலின் போக்கைப் பொறுத்தது. காத்திருப்போர் வரிசை நீளும் புதிய நாவலுக்குக் கால வரம்புள்ள உரிமமே நல்லது. இரண்டு ஆண்டுகளில் இடைவெளியின்றி ஐம்பது பேருக்கு அது போய்ச் சேரும். ஆண்டுக்கு நான்கு பேர் தேடிவரும் வரலாற்று ஆய்வு நூலுக்கு அதே உரிமம் வீண் செலவு; எட்டுப் பேர் படித்திருக்கும்போதே அது காலாவதியாகிவிடும். அத்தகைய நூலுக்கு எண்ணிக்கை வரம்பு எவ்வளவோ மேல், ஏனெனில் 26 இரவல்கள் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வரும். ஒவ்வோர் இரவலுக்கும் கட்டணம் என்ற திட்டம் பரந்த பட்டியலை உடனே திறந்துவிடுகிறது, காத்திருப்பையும் ஒழிக்கிறது. ஆனால் வாசகர்கள் பெருகப் பெருகச் செலவும் பெருகுவதால், ஓர் உறுப்பினர் மாதத்துக்கு இத்தனை நூல்தான் எடுக்கலாம் என்று நூலகமே தடைவிதிக்க நேர்கிறது. வாசிப்பு அதிகமாவதைக் கண்டு நூலகம் அஞ்ச வேண்டிய நிலை இதற்கு முன் இருந்ததில்லை.

பதிப்பாளர் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அச்சு நூலை இரவல் பெற வாசகர் நேரில் சென்று, காத்திருந்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சிரமமே பலரைப் புத்தகக் கடைக்கு அனுப்பியது. படுக்கையிலிருந்தபடி ஒரு தொடுகையில் இலவசமாகக் கிடைத்தால் விற்பனை பாதிக்கப்படும் என்பது வெறும் கற்பனை அச்சம் அன்று. இந்த அச்சத்தின் பேரில்தான் மேக்மில்லன் பதிப்பகம் 2019 நவம்பர் முதல், புதிய மின்னூல் வெளியான எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதி என்று கட்டுப்படுத்தியது. பல நூலகங்கள் அதன் மின்னூல்களை வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் அக்கட்டுப்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு பதிப்பாளர் தாமாகப் போட்ட தடையைத் தாமாகவே எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் நியாயமான நிபந்தனைகளில் நூலகங்களுக்கு மின்னூல் உரிமம் வழங்கியே ஆகவேண்டும் என்று 2021இல் சட்டம் இயற்றியபோது, அது கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று 2022இல் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

உரிமத்தில் விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பல நாடுகளின் சட்டங்கள் நூலகங்களுக்குச் சில விலக்குகளை அளித்துள்ளன: பாதுகாப்புக்காகப் பிரதி எடுப்பது, வேறொரு நூலகத்துக்கு அனுப்புவது, ஆய்வாளருக்கு ஒரு பகுதியை நகலெடுத்துத் தருவது. உலக அறிவுசார் சொத்து அமைப்புக்காக 2015இல் செய்யப்பட்ட ஆய்வின்படி, 188 உறுப்பு நாடுகளில் 156 நாடுகளின் சட்டத்தில் நூலகங்களுக்கான விலக்கு ஏதேனும் ஒன்றாவது இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் இவற்றில் பல பயனற்றுப் போகலாம். சட்டம் அனுமதிப்பதை ஒப்பந்தம் தடுக்க முடியாது என்று எழுதிவைத்த நாடுகள் சிலவே. ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய வாடகை வீட்டின் நிலைதான் இது. இதோடு, எந்த வாசகர் எதை எப்போது எடுத்தார் என்ற விவரமும், நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையில் நின்று மின்னூலை வழங்கும் இணையத் தளத்தைக் கடந்தே செல்கிறது. வாசகரின் தெரிவுகளை ரகசியமாகக் காக்கும் தொழில்நெறி கொண்ட நூலகருக்கு இது சிறிய விட்டுக்கொடுப்பு அன்று.

இந்தச் சிறையிலிருந்து வெளியேறும் முயற்சியாகப் பிறந்ததே கட்டுப்படுத்தப்பட்ட மின்னிரவல் என்னும் முறை. நூலகம் தன்னிடமுள்ள அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்கிறது. அச்சுப் பிரதியை எவருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கில் மின்வடிவை, நகலெடுக்க முடியாத பூட்டுடன், குறிப்பிட்ட நாட்களுக்குத் தருகிறது. கேட்பதற்கு இது மிக நியாயமாகவே இருக்கிறது. இதைப் பெரிய அளவில் நடத்திய அமெரிக்க இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ், பெருந்தொற்றால் நூலகங்கள் மூடப்பட்ட 2020 மார்ச்சில் ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற வரம்பையும் தற்காலிகமாக நீக்கியது. ஜூன் மாதமே நான்கு பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் கீழ்நீதிமன்றமும் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆர்க்கைவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. அந்தத் தற்காலிக நீக்கமே தோல்விக்குக் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அந்தச் செயல் அவசரமானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. எனினும் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. வரம்பை ஒழுங்காகக் கடைப்பிடித்த இரவலும்கூட, உரிமம் பெற்ற மின்னூலுக்கு மாற்றாகச் சந்தையில் செயல்படுவதால், அனுமதியின்றிப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கும் ‘நியாயமான பயன்பாடு’ ஆகாது என்பதே அதன் சாரம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

வியப்புக்குரிய செய்தி, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் நெதர்லாந்து நூலகங்கள் தொடர்பான வழக்கில் ஏறத்தாழ இதே தர்க்கத்தை ஏற்றிருந்தது என்பதாகும். ஒரு நேரத்தில் ஒரு பிரதியை ஒரே வாசகர் பயன்படுத்தும் ஏற்பாடாக இருந்தால், மின்னூல் இரவலையும் நூலக இரவலுக்கான சட்டத்தின் கீழ்க் கொண்டுவரலாம், படைப்பாளிக்குரிய தொகையை வழங்கிவிட வேண்டும் என்று அது கூறியது. அதே சமயம், அந்தப் பிரதி சட்டப்படி பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. அச்சு நூலைத் தானே ஸ்கேன் செய்து இரவல் கொடுப்பதற்கு அது தெளிவான அனுமதிச் சீட்டு ஆகாது. எனவே, கொள்கை அளவில் எனக்கு மிகவும் பிடித்த இந்த வழியை, இன்றைய நிலையில் எந்த நூலகத்துக்கும் முதல் தெரிவாகப் பரிந்துரைக்க இயலவில்லை.

ஸ்கேன் செய்வதே குற்றம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுத் திட்டமான ஹாத்திடிரஸ்ட் தொடர்பான 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நூல்களுக்குள் சொற்களைத் தேட உதவுவதும், அச்சைப் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு முழு நூலையும் தருவதும் அனுமதிக்கத் தக்கவை என்றது. கூகுளின் நூல் தேடலுக்கும் 2015இல் அவ்வாறே தீர்ப்புக் கிடைத்தது. மின்வடிவமாக்கிய நூல்களை நூலகத்துக்குள் தனித் திரைகளில் வாசிக்கத் தரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக வழக்கில் கூறியது. இந்தியச் சட்டத்திலும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், லாபநோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துவைக்க இடம் தருகிறது. பார்வைத்திறன் குறைந்தோருக்காக 2013இல் உருவான மாரகேஷ் ஒப்பந்தம், அவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிவகுத்துள்ளது. அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டத்தின் ஆதரவு இவ்வளவு தெளிவாக உள்ள பணியைப் பல நூலகங்கள் தொடங்காமலே இருப்பதற்குப் பதிப்புரிமையைக் காரணம் காட்ட முடியாது.

கூட்டு ஒப்பந்தம் என்ற வழிக்கு நார்வேயே சிறந்த சான்று. தன் சேகரிப்பு முழுவதையும் மின்வடிவமாக்க 2006இல் தொடங்கிய அந்நாட்டின் தேசிய நூலகம், உரிமையாளர்களின் கூட்டமைப்பான கோபினோருடன் ஒப்பந்தம் செய்து, 20ஆம் நூற்றாண்டு நூல்களை அந்நாட்டு இணைய முகவரி கொண்ட எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்தது. பதிப்புரிமை உள்ள நூலைத் திரையில் படிக்கலாம், தரவிறக்க முடியாது; படைப்பாளிகளுக்கான தொகையை நூலகம் கூட்டமைப்பிடம் செலுத்துகிறது; விரும்பாத உரிமையாளர் தம் நூலை விலக்கிக்கொள்ளலாம். கூட்டமைப்பில் சேராதவர்களின் நூல்களையும் இவ்வொப்பந்தம் உள்ளடக்கச் சட்டம் அனுமதிப்பதுதான் இதன் உயிர்நாடி. இல்லாவிட்டால், கடையில் கிடைக்காத ஒவ்வொரு பழைய நூலுக்கும் ஆசிரியரின் வாரிசைத் தேடி அலைய வேண்டியிருக்கும். மின்னூலாகவும் வராமல், பதிப்புரிமையும் முடியாமல் நடுவில் கிடக்கும் இந்த நூல்களுக்கு மற்ற வழிகள் எதுவும் உதவுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணையும் விற்பனையில் இல்லாத நூல்களுக்கு இத்தகைய ஏற்பாட்டை உறுப்பு நாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. தனியொரு நூலகத்தால் இதைச் செய்ய இயலாது. சட்டமும், பலரை உண்மையாகவே பிரதிநிதித்துவப்படுத்தும் கூட்டமைப்பும், அரசின் நிதியும் சேர வேண்டும்.

பதிப்புரிமை முடிந்த நூல்களில் சட்டச் சிக்கல் குறைவு, உழைப்பு அதிகம். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு உடன்பாடான பெர்ன் ஒப்பந்தம், அவ்வுரிமை பொதுவாகக் குறைந்தது ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என்கிறது. இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. ஒரு நாட்டில் தாராளமாகத் தரக்கூடிய நூல் எல்லை தாண்டினால் மீறலாகலாம் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

என் தெரிவு இதுதான். வரிசை நீளும் புதிய நூல்களுக்குக் கால வரம்புள்ள உரிமம் பெறலாம். மெதுவாக நகரும் நூல்களுக்கு எண்ணிக்கை வரம்பு அல்லது ஒவ்வோர் இரவலுக்கும் கட்டணம் என்ற திட்டம் ஏற்றது. நிலையாக வேண்டும் என்று கருதும் எந்த நூலுக்கும், மின்னுரிமம் இருந்தாலும், ஓர் அச்சுப் பிரதியையும் வாங்கிவைக்க வேண்டும். சட்டம் இடமளிக்கும் நாட்டில் அதைப் பாதுகாப்புக்காக ஸ்கேன் செய்துகொள்ளவும் வேண்டும். சிறு பதிப்பாளர்களிடம் கோப்பையே காலவரையறையின்றி விலைக்குத் தர முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது பயன்தரும். பெரிய நிறுவனங்கள் மறுப்பதை அவர்கள் ஏற்பதற்கு வாய்ப்புண்டு. உரிமக் கட்டணத்தை நூல் கொள்முதல் என்ற தலைப்பில் எழுதாமல், ஆண்டுக் கணக்கில் தனிச் செலவாகக் காட்ட வேண்டும். அப்போதுதான் நிதி ஒதுக்குவோர், அந்த ஆண்டில் நூலகத்தின் உடைமையாகச் சேர்ந்தவை எவை, காலாவதியாகித் திரும்பிப் போனவை எவை என்பதைப் பிரித்துப் பார்க்க முடியும்.