வைஃபை கடவுச்சொல் வேறு, ரௌட்டரின் கடவுச்சொல் வேறு: நான்கு வருடப் பாவனை அனுபவம்

பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் எல்லாம் ஒன்லைனில் நடந்த 2021ஆம் ஆண்டில், ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்து வீட்டிற்கு, சிம் போட்டுப் பாவிக்கும் 4ஜி ரௌட்டர் ஒன்றை வாங்கினேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தின் சிக்னல் ஒரேயொரு ஜன்னலுக்குத்தான் எட்டும் என்பதால், ரௌட்டர் அன்றிலிருந்து அந்த ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. வேகத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் அதன் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தைப் பற்றியதுதான்.

192.168.8.1 என்று உலாவியில் அடித்தால் திறக்கும் அந்தப் பக்கத்திற்கு, வைஃபை கடவுச்சொல்லோடு தொடர்பில்லாத தனிக் கடவுச்சொல் உண்டு. வாங்கும்போது அது ‘அட்மின்’ என்ற ஒரு சொல்தான். முதல் நாளே மாற்றினேன். ஆனால் 2023இல் ரௌட்டர் பழுதாகி, திருத்தக் கொடுத்த கடையில் ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்திக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடி போட்டேனே தவிர, நிர்வாகக் கடவுச்சொல்லும் ‘அட்மின்’ ஆகிவிட்டதை நினைக்கவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வைஃபை கடவுச்சொல் ஒரு வீட்டோடு நிற்காது. படிக்கிற பிள்ளைகளுக்கு நான் மனமுவந்துதான் கொடுத்தேன், இன்றும் கொடுக்கிறேன். சில மாதங்கள் கழித்து அவர்களில் ஒருவன், “சேர், உங்க வைஃபையில மட்டும் இந்தப் பக்கம் வேற மாதிரி வருது” என்றான். கைத்தொலைபேசியின் சொந்த டேட்டாவில் ஒழுங்காகத் திறந்த பக்கம், வைஃபையில் விளம்பரங்களோடு வேறெங்கோ போனது. நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பெட்டியில், நான் ஒருபோதும் இடாத இரண்டு எண்கள் இருந்தன.

சிம் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனியான பொது முகவரி கிடைப்பதில்லை என்பதால், வெளியூரில் இருக்கும் ஒருவர் நேரே வந்து இந்தப் பக்கத்தைத் திறப்பது கடினம். ஆபத்து உள்ளிருந்தே வருகிறது. வைஃபையில் இணைந்த எவரும் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். அதைவிட மோசமாக, வீட்டிலுள்ள ஒரு கைத்தொலைபேசியில் திறக்கப்படும் தீய இணையப் பக்கமே, அந்த உலாவியின் மூலம் ரௌட்டருக்குக் கட்டளை அனுப்ப முயலலாம். பிரேசிலில் 2011இல் மோடம் மென்பொருளின் ஒரு குறைபாட்டைப் பயன்படுத்தி ஏறத்தாழ 45 இலட்சம் மோடம்களின் டிஎன்எஸ் மாற்றப்பட்டு, மக்கள் போலிப் பக்கங்களுக்குத் திருப்பப்பட்டதை, காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் 2012இல் வெளிப்படுத்தினார்.

என்னை உண்மையில் பதறவைத்தது டிஎன்எஸ் அல்ல. ரௌட்டரில் இருந்தது அம்மாவின் பழைய சிம். அந்த இலக்கத்திற்கு வரும் குறுஞ்செய்திகள் அனைத்தும் நிர்வாகப் பக்கத்தின் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டிருந்தன. வங்கியிலிருந்து வந்த ஒருமுறைக் கடவுஎண்களும் அவற்றில் இருந்தன. ‘அட்மின்’ என்று அடித்த எவரும் அவற்றை வாசித்திருக்கலாம். மறுநாளே வங்கிக்குப் போய் இலக்கத்தை மாற்றினோம்.

பின்னர் ரௌட்டரை மீண்டும் ரீசெட் செய்து, இம்முறை நிர்வாகக் கடவுச்சொல்லையே முதலில் மாற்றினேன். கடவுச்சொல்லை அடிக்காமலே வைஃபையில் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்தினேன். அதன் எட்டு இலக்க எண், சரிபார்க்கப்படும் விதத்தால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் அகப்பட்டுவிடும் என்பது 2011ஆம் ஆண்டிலேயே வெளிவந்த விடயம். பிள்ளைகளுக்கென்று விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து, அதில் இணைந்தபடி 192.168.8.1 என்று அடித்துப் பார்த்தேன். பக்கம் திறக்கவில்லை. இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனெனில் சில ரௌட்டர்களில் விருந்தினர் வைஃபை பெயரளவிலேயே பிரிந்திருக்கும்.

மென்பொருள் புதுப்பிப்புதான் எனக்கு இன்னும் ஆறாத குறை. பொத்தானை எப்போது அழுத்தினாலும் ‘புதிய பதிப்பு இல்லை’ என்றே வருகிறது. ‘அட்மின்’ போல எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லுடன் ரௌட்டர்களை விற்பதை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. அடுத்ததை வாங்கும்போது கடையிலேயே திருப்பிப் பார்த்து, அடியில் தனிக் கடவுச்சொல் அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே பணம் கொடுப்பேன்.