தரங்கம்பாடி கோட்டை அருங்காட்சியகம்: பேரனோடு ஒரு நாள்

மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஏழாவது படிக்கும் பேரனைக் கூட்டிப் போனேன். தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியோடு, மிளகு வியாபாரத்துக்காக டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை. உள்ளே பீங்கான், பழைய ஆயுதங்கள். அரை மணி போதும்.

வெளியே பீரங்கிதான் விசேஷம். உப்புக்காற்று அரித்து, துரு செதில் செதிலாக உதிர்கிறது. அதைச் சுரண்டிக்கொண்டே, "தாத்தா, இங்கிலீஷ்காரனுக்கும் இவங்களுக்கும் இங்கே என்ன சண்டை?" என்றான்.

இங்கே ஒன்றுமில்லைடா. டென்மார்க்கின் கப்பற்படை நெப்போலியன் கைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், 1807இல் ஆங்கிலேயர் அந்நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகன் மீது குண்டு போட்டார்கள். அடுத்த வருஷமே தரங்கம்பாடியையும் பிடித்தார்கள். 1815இல் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1845இல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"அப்போ முதல்லயே வாங்கியிருக்கலாமே?" என்றான். பதில் சொல்லத் தெரியாமல் சாப்பிடக் கூட்டிப் போனேன். பக்கத்து மெஸ்ஸில் வஞ்சிர வறுவல் ஆறிப்போய்க் கிடந்தது, விலை மட்டும் சூடு.

சரி, போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மத்தியான வெயிலில் மதில்மேல் கால் வைக்க முடியாது.