சாலையோர வீட்டில் சத்தத்தைக் குறைத்த கதை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீடு பேருந்து ஓடும் சாலையை ஒட்டி, முதல் மாடியில். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. பக்கத்து அறையில் அம்மா மதியம் தூங்குவார். இரண்டுக்குமே வெளிச்சத்தம் பெரிய தொந்தரவு.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஜன்னல் திறந்திருந்தால் என் மேசையிலேயே போன் செயலி 65க்கு மேல் காட்டும். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாதுதான். ஆனால் அதே போன், அதே இடம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் கிட்டத்தட்ட பாதியானது போல இருக்கும்.

கண்ணாடியை மாற்றலாமா என்று கேட்டபோது எங்கள் தச்சர் சொன்னார்: "சார், முதல்ல காத்து எங்க வருதுன்னு பாருங்க. காத்து வர்ற வழியாத்தான் சத்தமும் வரும்." ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தோரம் மெதுவாகக் கொண்டுபோனார். புகை எங்கெல்லாம் கலைந்ததோ அங்கெல்லாம் இடைவெளி. அவர் சொன்னது முழுக்கச் சரி. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

அதனால் முதல் செலவு சில நூறு ரூபாய்தான். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கோன் சீலன்ட், கதவு ஜன்னல் விளிம்புகளில் ரப்பர் பீடிங், அதாவது இடைவெளியை அடைக்கும் பட்டை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்பாஞ்ச் டேப் வாங்காதீர்கள். ஒரு கோடைக்குள் அமுங்கித் தட்டையாகி, தூசி பிடித்து உரிந்துவிடும். இபிடிஎம் ரப்பர் விலை கூடுதல், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் துள்ளலோடு இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதும் என்பதால் பீடிங்கைக் கொஞ்சம் மெல்லியதாகவே எடுங்கள். இல்லையென்றால் ஐப்பசியில் ஜன்னலை மூட முடியாது.

அடுத்து, சாலைப் பக்க ஜன்னலை மட்டும் யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்றினோம். நகர்த்தும் வகை வேண்டாம் என்று நின்றேன். அதில் பிரஷ்தான் இடைவெளியை அடைக்கிறது, காற்று கசியும். கீல் வைத்துத் திறக்கும் வகை, மூடும்போது ரப்பரில் நன்றாக அழுந்தும். கண்ணாடி 6.38 மில்லிமீட்டர் லேமினேட்டட்: இரண்டு 3 மில்லிமீட்டர் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலம். ஹார்ன், ஆட்டோ, பேச்சுக்குரல் எல்லாம் வெகுவாக அடங்கின. மேசையில் 45ஐ ஒட்டி நிற்கிறது. நின்றபடி உறுமும் பேருந்தின் அடிக்குரல் மட்டும் இன்னும் உள்ளே வருகிறது. இப்படித் தாழ்ந்த சுருதியில் வரும் ஒலியைத் தடுக்க இன்னும் கனமோ, இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே அகலமான இடைவெளியோ வேண்டும். அந்த உறுமலுக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன் நன்றாக உதவுகிறது. அது சீரான, தாழ்ந்த சுருதி ஒலியில்தான் கெட்டி, திடீர் ஹார்னில் அவ்வளவு இல்லை.

ஜன்னலை மூடினால் அறை புழுங்கும். விடியற்காலையில் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். ஏசி புதுக்காற்றைத் தராது என்பதை மறக்க வேண்டாம்.

முட்டை அட்டை, கருப்பு ஃபோம் ஒட்டச் சொல்பவர்கள் நிறையப் பேர். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டை அதைக்கூட ஒழுங்காகச் செய்யாது. அந்தப் பணத்தைப் பீடிங்கில் போடுங்கள்.

வெளிச்சத்தம் குறைந்ததும் வீட்டுக்குள் இருப்பவை கேட்கத் தொடங்கின. ஃபேன் ரீங்காரத்துக்குக் காரணம் பழைய டிம்மர் வகை ரெகுலேட்டர். கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றியதும் நின்றது. கரன்ட் போகும்போது ஃபேன் உறுமினால் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைதானா (மின்வாரியக் கரன்ட் போலச் சீரான அலையாகத் தருவது) என்று பாருங்கள். தண்ணீர் மோட்டார் அதிர்வு குழாய் வழியே சுவருக்கு ஏறும், அதற்குக் கண்ணாடி உதவாது. மோட்டாரடியில் கனமான ரப்பர் பேட், குழாயில் ஒரு நெகிழ் இணைப்பு போதும். கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டார்.

வாடகை வீட்டில் சட்டத்தை மாற்ற முடியாதவர்கள், இருக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம், சுவரின் தடிமன் இடம் தரும் அளவு தள்ளி, கனமான அக்ரிலிக் தகட்டைக் காந்தப் பட்டையால் பொருத்திப் பார்க்கலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.